மூக்கு எப்போது நீளும்? பினோக்கியோ கதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை காலைகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். பன்னிரண்டு பேர் வருகிறார்கள். அவர்களில் இருவர் பினாங்குத் தீவிலிருந்து ஃபெரி ஏறி வருகிறார்கள். சென்ற ஆண்டு முழுக்கப் பினோக்கியோதான். ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்வேன். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த பெற்றோர் வாசலில் நின்று கேட்டவையும், பிள்ளைகள் பாதிக் கதையில் நிறுத்திக் கேட்டவையும் கீழே உள்ளன. சில கேள்விகளுக்கு நான் வைத்திருந்த பதில், பிள்ளைகள் பேசிய பிறகு மாறிப்போனது. மாறிய பதிலையே எழுதியிருக்கிறேன்.

இது யார் எழுதிய கதை?

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரைச் சேர்ந்த கார்லோ கொலோடி எழுதியது. இயற்பெயர் கார்லோ லொரென்சினி. 1826-இல் பிறந்து 1890-இல் மறைந்தார். 1881-இல் ஒரு சிறுவர் இதழில் தொடராகத் தொடங்கிய கதை, 1883-இல் 36 அத்தியாயங்கள் கொண்ட நூலாக வந்தது. ஜெப்பெட்டோ என்ற ஏழை, பேசும் மரக்கட்டை ஒன்றிலிருந்து பொம்மை செதுக்குகிறார். அது வீட்டைவிட்டு ஓடுகிறது, ஏமாறுகிறது, பொய் சொல்கிறது, அடிபடுகிறது, கடைசியில் மனிதப் பிள்ளையாகிறது. ஆசிரியர் முதலில் 15-ஆம் அத்தியாயத்திலேயே, பொம்மையை மரத்தில் தூக்கிலிட்டுக் கதையை முடித்திருந்தார். பிறகுதான் தொடர்ந்து எழுதினார்.

பிள்ளைகள் படம் பார்த்திருக்கிறார்களே, அது போதாதா?

போதாது. 1940-இல் வந்த அமெரிக்கக் கார்ட்டூன் படம் அழகானது. நானும் விரும்பிப் பார்த்தேன். ஆனால் அதில் சுவர்க்கோழி பினோக்கியோவின் மனச்சாட்சியாகக் கடைசிவரை உடன் வருகிறது. நூலில் நான்காம் அத்தியாயத்திலேயே, புத்தி சொன்ன சுவர்க்கோழியை அவன் சுத்தியலை வீசிக் கொன்றுவிடுகிறான். இந்த ஒரு வேறுபாடே கதையின் அறத்தை வேறு திசைக்குக் கொண்டுபோகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பள்ளியில்தான் நன்னெறிக்கல்வி இருக்கிறதே. கதை வேறு எதற்கு?

நன்னெறிக்கல்வி நல்ல பாடம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். நேர்மை, நன்றியுணர்வு, துணிவு என்று ஒவ்வொரு பண்பாக எடுத்து விளக்குகிறது. ஆனால் வாழ்க்கையில் அவை ஒவ்வொன்றாக வரிசையில் வருவதில்லை. நேர்மையாக இருந்தால் நன்றி கெட்டவராக நேரும் நேரம் வருகிறது. தோழியைக் காட்டிக்கொடுப்பதா, ஆசிரியரிடம் பொய் சொல்வதா என்று பத்து வயதுப் பெண் தவிக்கிறாள். அந்தத் தவிப்பைப் பாடநூல் தேர்வுக் கேள்வியாக்கும்போது, எந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்கும் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கதையில் தெரியாது. அதனால்தான் கதையில் உண்மையாகவே யோசிக்கிறார்கள்.

பொய் சொன்னால் மூக்கு நீளும். அவ்வளவுதானே இந்தக் கதையின் நீதி?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நூலை வரிவரியாக வாசித்தால் அந்த மூக்கு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஜெப்பெட்டோ செதுக்கிக்கொண்டிருக்கும்போதே மூக்கு வளர்கிறது. அப்போது பொம்மைக்கு வாயே இல்லை, எங்கே பொய் சொல்வது? ஐந்தாம் அத்தியாயத்தில் பசியோடு அடுப்பருகே போகிறான். அங்கே கொதிக்கும் பானை சுவரில் வரைந்த ஓவியம் என்று தெரிந்ததும் மூக்கு நான்கு விரற்கடை நீள்கிறது. அது வெறும் ஏமாற்றம்.

எல்லாருக்கும் தெரிந்த காட்சி 17-ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது. தன் உயிரைக் காப்பாற்றிய நீலக் கூந்தல் தேவதையிடம், பையில் இருக்கும் பொற்காசுகளைத் தொலைத்துவிட்டேன் என்கிறான். முதல் பொய்க்கு இரண்டு விரற்கடை. மூன்றாவது பொய்யில் மூக்கு எவ்வளவு நீள்கிறதென்றால், அறைக்குள் அவனால் திரும்பவே முடியவில்லை. பிறகு ஆயிரம் மரங்கொத்திகள் வந்து கொத்திச் சரிசெய்கின்றன.

இங்கே நிறுத்தி, “இவளிடம் இவன் ஏன் பொய் சொன்னான்?” என்று கேட்டேன். பயமில்லை, ஆபத்தில்லை, அவள் காசைப் பறிக்கப் போவதுமில்லை. பிள்ளைகள் வெகுநேரம் யோசித்தார்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “வெட்கமாக இருந்திருக்கும்” என்றாள். எனக்கு அந்தப் பதில் போதும்.

29-ஆம் அத்தியாயத்திலும் இப்படித்தான். வழியில் ஒரு முதியவர், பினோக்கியோ என்ற பொம்மையைப் பற்றிக் கேட்கிறார். தன்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்பதை மறைத்து, “படிப்பில் ஆர்வமுள்ளவன், பணிவானவன்” என்று அளக்கிறான். மூக்கு நீள்கிறது. சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்று உண்மையைச் சொன்னதும் சுருங்குகிறது. நம்மைப் பற்றி நாமே பொய்யான படம் காட்டும்போது மூக்கு வளர்கிறது என்று நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அதைப் பிள்ளைகள் எப்படி உடைத்தார்கள் என்பது அடுத்த பதிலில்.

சிறையில் அவன் பொய் சொல்லித்தானே தப்பிக்கிறான்? அப்போது ஏன் மூக்கு நீளவில்லை?

இந்தக் காட்சியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நரியும் பூனையும், “காசைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றினால் காசு காய்க்கும் மரம் முளைக்கும்” என்று ஆசை காட்டி, அவனுடைய நான்கு பொற்காசுகளைப் பறித்துக்கொள்கின்றன. (பணம் குட்டி போடும் என்று கைப்பேசியில் வரும் அழைப்பை நம்பிச் சேமிப்பை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த இடத்தில் பெற்றோரின் முகமும் வாடியது.) பினோக்கியோ நீதிமன்றம் போகிறான். நீதிபதி ஒரு கிழட்டுக் கொரில்லா. பொன் சட்டமிட்ட மூக்குக்கண்ணாடி, ஆனால் அதில் கண்ணாடியே இல்லை. முழுவதையும் பரிவோடு கேட்டுவிட்டு, “இந்தப் பாவப்பட்டவன் கொள்ளை போயிருக்கிறான், உடனே பிடித்துச் சிறையில் போடுங்கள்” என்று தீர்ப்பளிக்கிறது. நான்கு மாதம் சிறை. பின்னர் பேரரசன் போரில் வென்ற மகிழ்ச்சியில் போக்கிரிகளையெல்லாம் விடுதலை செய்யச் சொல்கிறான். சிறைக்காவலன் பினோக்கியோவை விட மறுக்கிறான். இவன் போக்கிரி இல்லையாம். “மன்னிக்க வேண்டும், நானும் போக்கிரிதான்” என்கிறான் பினோக்கியோ. காவலன் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக் கதவைத் திறந்துவிடுகிறான். மூக்கு அசையவில்லை.

பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்; அடுத்த நொடியே கோபப்பட்டார்கள். சட்டம் வேறு, நியாயம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் குழந்தைக்குச் சொல்லும் காட்சியை நான் வாசித்ததில்லை. அநியாயமான காவலனிடம் உண்மை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோமா என்று கேட்டேன். பெரும்பாலோர் இல்லை என்றார்கள். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் மட்டும் வேறு வழியில் போனான். “அவன் பொய்யே சொல்லவில்லை. அவன் அப்பா சட்டையை விற்றுப் பாடப்புத்தகம் வாங்கித் தந்தார். அதை விற்றுப் பொம்மலாட்டம் பார்த்தவன் போக்கிரிதானே?” என்றான்.

நான் வாயடைத்துப் போனேன். குளிரில் போட்டிருந்த மேல்சட்டையை விற்றுத்தான் ஜெப்பெட்டோ அந்தப் புத்தகத்தை வாங்குகிறார். அது நடந்து எத்தனையோ வாரங்களுக்குப் பிறகும் அந்தப் பையன் அதை மறக்கவில்லை. ஒன்று, சிறைக்காட்சியில் சொன்னது பொய். மூக்கு நியாயம் பார்த்து விட்டுவிட்டது. அல்லது, அவன் தன்னைப் பற்றி முதன்முதலாக உண்மை பேசியது அங்கேதான். இரண்டாவதுதான் சரியென்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

எல்லாப் பொய்யும் தவறா? பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

மலேசியாவில் வளரும் பிள்ளை இதை, மலாய் நாட்டுப்புறக் கதைகளில் வரும் சங் கஞ்சில் என்ற சருகுமானைக் கொண்டு கேட்கும். ஆற்றைக் கடக்க வேண்டும், முதலைகள் தின்றுவிடும். “அரசர் விருந்து தருகிறார், உங்களை எண்ணச் சொன்னார்” என்று முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, அவற்றின் முதுகில் தாவிச் சருகுமான் அக்கரை சேர்கிறது. மலாய்ப் பாடத்திலும் படக்கதைகளிலும் அது கெட்டிக்கார விலங்கு. “சங் கஞ்சிலுக்கு ஏன் மூக்கு நீளவில்லை?” என்று எங்கள் கூடத்தில் கேட்டார்கள்.

இமானுவேல் கான்ட் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் 1797-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கொலைகாரன் வந்து “உன் நண்பன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறானா?” என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று வாதிட்டார். ஒருமுறை விலக்கு அளித்துவிட்டால் மனிதரின் சொல்லுக்கே நம்பகம் போய்விடும் என்பது அவர் கவலை. நம் அரிச்சந்திரன் அவர் பக்கத்தில் நிற்பான். வள்ளுவர் நிற்க மாட்டார். “பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்” என்பது 292-ஆம் குறள். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது.

பலர் இந்தக் குறளை அனுமதிச் சீட்டுப் போல நீட்டுகிறார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்ற பழமொழியும் கூடவே வந்துவிடும். ‘புரைதீர்ந்த’ என்ற சொல்லைப் பாருங்கள். அதில் எவ்வளவு கண்டிப்பு! அந்த நன்மையில் எனக்கு ஆதாயம் இருந்தால், பிறகு யாருக்காவது அதனால் கேடு வந்தால், புரை தீரவில்லை. சங் கஞ்சில் உயிர் தப்பியது சரி; அக்கரை போய் நின்று முதலைகளைக் கேலி செய்ததை வள்ளுவர் ஒப்புவாரா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள்.

பாரதப் போரில் தருமரின் தேர் நிலத்துக்கு நான்கு விரற்கடை உயரத்தில் ஓடும். அசுவத்தாமா இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னதும் அது தரையைத் தொடுகிறது. அங்கே இறங்கியது தேர், இங்கே நீண்டது மூக்கு. மேல்நாட்டுக் கதை எதற்கு, நம் கதைகள் இல்லையா என்று கேட்கும் பெற்றோருக்கும் இதுவே என் பதில்: ஒன்றை வாசித்ததால்தான் மற்றது நினைவுக்கு வந்தது.

தேவதையே ஏமாற்றுகிறாளே, அது நியாயமா?

நியாயமில்லை என்றே நினைக்கிறேன். பினோக்கியோ சிறையிலிருந்து திரும்பி வரும்போது அவள் வீடு இருந்த இடத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. தம்பி பினோக்கியோ கைவிட்ட துயரத்தால் நீலக் கூந்தல் சிறுமி இறந்துவிட்டாள் என்று கல்வெட்டு. அவன் இரவெல்லாம் அழுகிறான். அவள் சாகவில்லை, பிற்பாடு வேறொரு தீவில் வளர்ந்த பெண்ணாக வருகிறாள். அவன் அழுத அழுகையில் நல்ல மனம் தெரிந்ததால் மன்னித்தேன் என்கிறாள்.

பொய்யைத் தண்டித்தவளே பிள்ளையின் அன்பைச் சோதிக்கப் பொய்க் கல்லறை காட்டுகிறாள். அவள் மூக்கு நீளவில்லை. “நீ இப்படிச் செய்தால் அம்மா செத்துப்போய்விடுவேன்” என்று நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? நானும் என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த இடத்தில் கதைக்காக வாதாட வேண்டாம். பெரியவரும் தவறு செய்கிறார் என்று பிள்ளைகள் சொல்ல விடுங்கள்.

சுவர்க்கோழியைக் கொல்வது போன்ற காட்சியைக் குழந்தைக்கு வாசிக்கலாமா?

வாசியுங்கள். அந்த அறையில் நூறு ஆண்டுக்கும் மேலாக வாழ்ந்த பூச்சி சொன்ன புத்தி எல்லாம் சரியானதுதான். சரியான புத்தியை வெளியிலிருந்து சொன்னால் என்ன ஆகும் என்பதைக் கொலோடி ஒளிக்காமல் காட்டினார். அதற்குப் பின்னும் சுவர்க்கோழி ஆவியாக வந்து எச்சரிக்கிறது. அப்போதும் கேட்கவில்லை. “தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்” என்ற குறளில் சுடுவது தன் நெஞ்சு. பூச்சியைச் சுத்தியலால் அடிக்கலாம், மூக்கை மரங்கொத்தி சரிசெய்துவிடும். நெஞ்சின் சூட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. கதையின் பிற்பகுதியில் மூக்கைப் பற்றிய பேச்சே குறைந்துவிடுகிறது, கவனித்தீர்களா?

எந்த வயதில் தொடங்கலாம்?

எட்டு வயதுக்கு மேல். ஜான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், மாடு அளவு பெரிய நாயைக் கண்டேன் என்று சொல்வதையும், ஆசிரியர் நல்ல மதிப்பெண் தந்தார் என்று அம்மாவை ஏய்ப்பதையும் ஒப்பிடச் சொன்னார். சிறு பிள்ளைகள் நாய்ப் பொய்யே பெரிய குற்றம் என்றார்கள். அவ்வளவு பெரிய நாய் உலகில் இல்லையே! சற்று வளர்ந்த பிள்ளைகள் ஏய்க்கும் எண்ணத்தைப் பார்த்தார்கள். சிறு வயதில் பொய்யை மூக்கின் நீளத்தால்தான் அளக்கிறார்கள். ஆகவே ஐந்து வயதில் இந்தக் கதை வெறும் மிரட்டலாகப் போய்ச் சேரலாம்.

விளையாடப் போனதற்காகக் கழுதையாக மாற்றுவது கொடுமை இல்லையா?

கொடுமைதான். விளக்குத்திரி என்று பட்டப்பெயர் வைத்த ஒல்லிப் பையனோடு பினோக்கியோ விளையாட்டு நாட்டுக்குப் போகிறான், பள்ளியில்லை, புத்தகமில்லை. ஐந்து மாதத்தில் இருவருக்கும் கழுதைக் காது முளைக்கிறது. இத்தாலியில் தொடக்கக் கல்வி 1877-இல்தான் கட்டாயமானது. படிக்காத ஏழைப் பிள்ளை சுமை சுமந்தே சாவான் என்பது அன்றைக்கு வெறும் கற்பனை இல்லை. நம் தாத்தாக்களின் தோட்டங்களிலும் அது கற்பனை இல்லை. ஆனால் பினோக்கியோ தப்பிக்கிறான், விளக்குத்திரி தப்பவில்லை. தோட்டக்காரர் ஒருவரின் தொழுவத்தில் கழுதையாகவே உயிர்விடுகிறான். இருவரும் செய்த தவறு ஒன்றே. பினோக்கியோவுக்குத் தேவதை இருந்தாள், அவனுக்கு இல்லை. இந்த அநீதியைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். சமாதானம் சொல்லிவிடாதீர்கள்.

அப்படியானால் அவன் எப்போதுதான் நல்லவன் ஆகிறான்?

சுறாவின் வயிற்றிலிருந்து ஜெப்பெட்டோவை மீட்டு வந்த பிறகு, நோயுற்ற அவருக்கு ஒரு குவளை பால் வேண்டி, நூறு வாளி தண்ணீர் இறைக்கிறான். ஐந்து மாதத்துக்கும் மேலாக, விடியும் முன் எழுந்து, தினமும். மாலையில் கூடை முடைகிறான். நல்ல செயலைச் செய்து செய்தே மனிதர் நல்லவராகிறார் என்று அரிஸ்டாட்டில் சொன்னார். ஔவையார் பாட்டு இதற்குப் பாதிதான் உடன்படும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று தொடங்கி, நட்பும் கொடையும் பிறவிக் குணம் என்று முடிகிறதே!

யார் சரி? தொடக்கத்தில் பொம்மலாட்டக்காரன், ஆட்டிறைச்சியை வாட்ட விறகு போதாமல் அர்லெக்கினோ என்ற பொம்மையை நெருப்பில் போடப் போகிறான். “அவனை விட்டு என்னை எரியுங்கள்” என்று முன்னால் வருகிறவன் பினோக்கியோ. பாடப்புத்தகத்தை விற்ற அதே நாளில்! ஆகவே ஔவையாரும் சரிதான். கொடை அவனிடம் முதலிலிருந்தே இருந்தது, பழக்கம்தான் இல்லாமலிருந்தது.

சட்டை வாங்கச் சேர்த்த நாற்பது செப்புக்காசை, தேவதை நோயில் கிடக்கிறாள் என்று கேட்டதும் அப்படியே கொடுத்தனுப்புகிறான். அன்றிரவு நள்ளிரவுவரை விழித்திருந்து, எட்டுக் கூடைக்குப் பதில் பதினாறு கூடை முடைகிறான். காலையில் அந்தக் காசு பொன்னாகத் திரும்பி வருகிறது. “திரும்பி வரும் என்று தெரிந்தா கொடுத்தான்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. தெரியாது. திரும்ப எதிர்பார்த்துக் கொடுப்பது ஈகையாகாது, குறியெதிர்ப்பை என்கிறது 221-ஆம் குறள். நரி சொன்னபடி மண்ணில் காசை ஊன்றியபோது அவன் எதிர்பார்த்தான், இழந்தான். இங்கே எதிர்பார்க்கவில்லை. பொன் வராமலிருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மனிதப் பிள்ளையான பிறகு பழைய மரப்பொம்மை என்ன ஆகிறது?

பலர் கவனிக்காமல் விடும் இடம். பொம்மை மறைந்துவிடுவதில்லை. நாற்காலியில் சாய்ந்து, தலை ஒரு பக்கம் தொங்க, கைகள் துவண்டு, கால்கள் மடிந்து கிடக்கிறது. புதிய பையன் அதைப் பார்த்து, பொம்மையாக இருந்தபோது எவ்வளவு வேடிக்கையாக இருந்தேன் என்று மகிழ்கிறான். கதை முடிந்துவிடுகிறது.

“அப்படியென்றால் பொய் சொன்னது யார், அதுவா இவனா?” என்று கேட்டாள் ஃபெரியில் வரும் பெண். பொம்மை செய்த தவறுக்கு இவன் பொறுப்பில்லையா? பொம்மை இறைத்த நூறு வாளித் தண்ணீர் இவன் கணக்கில் வராதா? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது என்று முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். பொம்மையைப் பத்திரமாக வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள் சிலர். அவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் முதலில் அதன் தலையை நிமிர்த்தி உட்காரவைத்திருக்க வேண்டும் என்றாள். மறுவாரம் அப்படியே வரைந்துகொண்டு வந்து கொடுத்தாள். படம் என் நூலின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.